இன்னும் வரலம்மா

எங்கள் தோட்டத்து லயத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைக்கிற இடம் ஒன்றுதான் இருந்தது. பழைய ரப்பர் ஆலைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிற்கிற மேடு. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டது நான் பிறப்பதற்கு முன்பே. ஆலைக்குக் கூரை போய்விட்டது. லயத்தில் ஒன்பது குடும்பங்கள் மிச்சம். பல்கலைக்கழக முடிவு வெளியாகும் என்று சொன்ன அன்று, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நான் அந்த மேட்டில் கைப்பேசியோடு நின்றிருந்தேன். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்றாள்.

பக்கம் திறக்கவே இல்லை. நாடு முழுவதும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அதைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அடையாள அட்டை எண்ணை இரண்டு தரம் தப்பாகப் போட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து எழுதிவந்த எண் அது. அன்றைக்கு நடுவில் இரண்டு இலக்கம் நினைவுக்கு வரவில்லை. பிறகு திடீரென்று திறந்துகொண்டது.

முழுதாக நான் படிக்கவில்லை. முதல் சொல்லைப் பார்த்தாலே போதும் என்று ஏற்கெனவே தெரியும். கிடைத்தவர்களுக்கு 'தாஹ்னியா' என்று வாழ்த்தி ஆரம்பிப்பார்கள். எனக்கு 'டுக்காச்சித்தா' என்று இருந்தது. வருந்துகிறோம் என்பதற்கு மலாய்க்காரர்களின் மரியாதையான சொல்.

"என்னா போட்டுருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் வரலம்மா. வெப்சைட் ஜேம் ஆயிருச்சு."

அம்மா மேகத்தை அண்ணாந்து பார்த்தாள், அதனால்தான் வரவில்லை என்பதுபோல. சோறு ஆறிப்போகும், வா, சாயங்காலம் பார்க்கலாம் என்றாள். நான் திரையை அணைத்துவிட்டு அவள் பின்னால் இறங்கினேன். சரிவில் ஒரு தரம் வழுக்கினேன். பார்த்து வா என்று சொல்லி அவள் கையை நீட்டினாள்.

அப்பாவும் அம்மாவும் என்னை அடித்து வளர்த்தவர்கள் இல்லை. பிறகு எதற்கு அவ்வளவு பயம் என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். தினமும் விடிவதற்கு முன்பே எங்கள் லயத்து முனையில் கையுறைத் தொழிற்சாலையின் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அம்மா அதில் ஏறிப் போவாள். அங்கே பேக்கிங் பகுதியில் ஒரு இடம் காலியாக இருப்பதாகவும், மகள் சும்மாதானே இருக்கிறாள் என்றும் மேற்பார்வையாளர் அம்மாவிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தார். ஐந்தாம் படிவம் முடிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஓராண்டுப் படிப்பான மெட்ரிகுலேசனுக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. அப்போது அப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஆறாம் படிவத்துக்கு அனுப்பினார். இந்தத் தடவையும் இல்லையென்றால் அந்த வேன்தான் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்த்தார். கார் நிறுத்துமிடத்துக் கூண்டில் உட்கார்ந்து, கூட இருப்பவர்களிடமெல்லாம், பாப்பா டாக்டருக்குப் போட்டிருக்கு என்று சொல்லிவைத்திருந்தார். உண்மைதான், அதற்குத்தான் போட்டிருந்தேன். விண்ணப்பத்தில் இருந்த அத்தனை கட்டத்திலும் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்றே நிரப்பியிருந்தேன். என் புள்ளிகளுக்கு அது எட்டாது என்பது எனக்கு உள்ளூரத் தெரியும். கீழே இறங்கி வேறு ஒன்றைப் போட்டால் அப்பா முகம் எப்படி ஆகும் என்று பயந்துதான் அப்படி நிரப்பினேன்.

அன்று சாயங்காலமும் இன்னும் வரவில்லை என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். முதல் நாளில் பொய் சொல்வது கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் அம்மா கேட்பதற்கு முன்பே நானே மேட்டிலிருந்து இறங்கி வந்து தலையை ஆட்டினேன். அதுவே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது, இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று. சாப்பாடு இறங்கவில்லை. யாருடைய மோட்டார் சத்தம் கேட்டாலும் யாரோ விஷயம் தெரிந்து வருகிறார்கள் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். அம்மா வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, களைப்போடு சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பாள். எனக்காகத்தான். நான் சமையலறையில் அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன்.

நான்காம் நாள் பிற்பகல் மேட்டில் இருந்தபோது ஆறாம் படிவத் தோழி கூப்பிட்டாள். அவளுக்கு வடக்கே கணக்கியல் கிடைத்திருந்தது. எனக்குக் கிடைக்கவில்லை என்பதை என் குரலிலேயே தெரிந்துகொண்டு, ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் நேரே கேட்டாள்.

"ரயுவான் போட்டுட்டியா? நாளைக்கி அஞ்சு மணியோட குளோஸ் லா."

ரயுவான் என்றால் மேல்முறையீடு. இடம் கிடைக்காதவர்கள் மீதி இருக்கிற படிப்புகளுக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம். அந்த அறிவிப்பு, நான் முதல் சொல்லோடு அணைத்துவிட்ட அதே பக்கத்தில், நான்கு வரி கீழே இருந்ததாம். படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான்கு நாளை நான் பொய்யாலேயே தின்று தீர்த்திருந்தேன். தோழி இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். 

வீட்டுக்கு வந்தபோது அப்பா பகல் வேலை முடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வேல எடத்துல ஒரு அண்ணே மவளுக்கு கெடச்சிருச்சாம். ரிசல்ட் வந்து நாலு நாளாச்சாம்."

அம்மாவின் கை நின்றது. நான் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். கிடைக்கவில்லை, அன்றைக்கே தெரியும், பயத்தில் சொல்லவில்லை, நாளை ஐந்து மணிக்குள் மறுபடி விண்ணப்பிக்கலாம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அழுகைகூட வரவில்லை. அப்பா கத்துவார் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோபப்பட்டது அம்மாதான். யாரிடமும் குரல் உயர்த்தாதவள், மடித்த துணியை அப்படியே கீழே போட்டாள்.

"முடிஞ்சிபோனதுக்கா நான் நாலு நாளா சாமிகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தேன்? அத நின்னு பாத்துக்கிட்டுதான இருந்த நீ?"

 கிடைக்காமல் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றும் அதற்குப் பிறகு பல நாளும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுவாள், பேச்சு மட்டும் இருக்காது.

அப்பா பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "காலையில போலாம். கூட்டாளிய வேல மாத்திக்கச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் அவர் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து ஈப்போவுக்குப் போனேன். ஒரு கோயில் மண்டபத்தில் படித்த பிள்ளைகள் சிலர் மடிக்கணினிகளோடு உட்கார்ந்து, மேல்முறையீடு போட உதவுகிறார்கள் என்று அப்பா யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். எனக்கு முன்னால் நிறையப் பேர். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கோப்பு. சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியம் ஒரு முறை இணையம் அறுந்துபோனது.  கால் மணி நேரம் கழித்து மீண்டும் வந்தபோது யாரோ ஒரு பெண் விசும்பி அழுதாள்.

என் முறை வந்தபோது மூன்றைத் தாண்டியிருந்தது. உதவிக்கு இருந்த அக்கா என்னைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருப்பாள். என் பழைய விண்ணப்பத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"தங்கச்சி, எல்லாமே ஒரே மாதிரி போட்டுருக்கீங்க. இப்பவும் இதேதான் கேட்டா கஷ்டம்லா. மீதி இருக்கிறதுல பாருங்க."

அவள் பட்டியலைக் கீழே நகர்த்தினாள். நீளநீளமான மலாய்ப் பெயர்கள். அப்பா என் நாற்காலிக்குப் பின்னால், ராத்திரி வேலைக்காகப் போட்டுவந்த சீருடைச் சட்டையோடு நின்றிருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேனே தவிர எதுவும் மண்டையில் ஏறவில்லை. பின்னால் வரிசை நகர்வதற்குக் காத்திருந்தது.

"கெடைக்கிறத போடு பாப்பா" என்று அப்பா சொன்னார்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு அவர் எத்தனை பேரிடம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வேளாண்மை ஒன்று, உணவுத் தொழில்நுட்பம் ஒன்று போட்டேன். இன்னொன்று வேண்டும் என்றாள் அக்கா. மீன்வள அறிவியல் என்று ஒன்று இருந்தது, கிழக்குக் கரையில். மீதி இருந்ததில் எனக்கு உடனே புரிந்த பெயர் அதுதான். அதைப் போட்டேன். இன்றைக்கு யாராவது ஏன் இந்தத் துறை என்று கேட்டால் அழகாக ஒரு காரணம் சொல்வேன். உண்மைக் காரணம் இதுதான்.

அடுத்த திங்கட்கிழமை நான் வேனில் ஏறினேன். அம்மா ஒரு இருக்கையில், நான் அவளுக்குப் பின் இருக்கையில். கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது வேலை. தூள் வாடையும் சூடும் முதல் இரண்டு நாள் தலையைச் சுற்றவைத்தன. மூன்றாம் நாள் பழகிவிட்டது. இரண்டாம் வாரத்தில் என் கை பார்க்காமலே எண்ணியது. உன் மகள் நல்ல வேகம் என்று மேற்பார்வையாளர் சொன்னபோது அம்மா முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போனது. நான் அதைப் பார்த்துவிட்டேன். அந்த மத்தியானம் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலை கஷ்டமாக இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். இது எனக்கு வந்துவிட்டது. கிடைக்கவில்லை என்று இன்னொரு முறை வந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, பேசாமல் மறுநாளும் வேனில் ஏறுவேன் என்று தெரிந்துவிட்டது.

வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். அதனால் மேல்முறையீட்டு முடிவு வந்த நாளில் எனக்கு ஒன்றும் தெரியாது. பத்தரை மணிபோல, உன் அப்பா வாசலில் நிற்கிறார் என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார். அப்பா வேலை நேரத்தில் எங்கேயும் போனவர் இல்லை. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மாவைத் தேடினேன். அவள் தன் மேசையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமலே, தலையில் போட்டிருந்த வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

அப்பா காவலர் கூண்டுப் பக்கம் நிழலில் நின்றிருந்தார். அந்தக் காவலருக்கு அவரைத் தெரியும், அதனால் உள்ளே விட்டிருந்தார். அப்பா கையில் கைப்பேசி. வேலையிடத்தில் கூட இருப்பவர் ஒருவர் என் எண்களையெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அதை அழுத்தாமல் அப்படியே மோட்டாரில் வந்திருக்கிறார்.

"நீயே பாரு. எனக்கு கை வரல" என்றார்.

 அதுவரை பயம் முழுவதும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். வெகுநேரம் ஆகிவிட்டதால் பக்கம் எண்களை மறுபடி போடச் சொன்னது. போட்டேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தாஹ்னியா என்று இருந்தது. இந்தத் தடவை கடைசி எழுத்து வரை படித்தேன். மீன்வள அறிவியல், கிழக்குக் கரையில் திரங்கானு. என் பெயரும் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று மூன்று தரம் பார்த்தேன்.

"கெடச்சிருச்சுப்பா."

"டாக்டரா?"

"இல்லப்பா. மீனப் பத்தி படிக்கிறது. திரங்கானுல."

 அவ்வளவு தூரமா என்று மட்டும் கேட்டார். பிறகு காவலரிடம் போய், கெடச்சிருச்சுண்ணே என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து இரண்டாம் தரம் சொன்னேன். நெசமா என்று கேட்டாள். நெசமா என்று நான்கு தரம் கேட்டாள். நான் பொய் சொன்னவள், அவள் கேட்பது நியாயம்தான். அப்பா வாசலில் நிற்கிறார், போய்ப் பார் என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

நான் படித்து முடித்தேன். இப்போது ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் இறால் குளங்களில் தண்ணீர் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். படிப்பு எனக்குப் பிடித்துப்போனது இரண்டாம் ஆண்டில்தான். பல்கலைக்கழகத்தில் பதிவு நாளன்று அப்படி ஒன்றும் இல்லை. அதுவரை நான் பார்த்திருந்த ஒரே கடல் லூமுட் படகுத்துறையில் பார்த்ததுதான். எனக்கு நீச்சல் தெரியாது. இரவல் காரில் அப்பாவும் அம்மாவும் என்னை மலைச்சாலை வழியாகக் கொண்டுபோய் விட்டார்கள். மதியம் கிளம்பும்போது அம்மா, பயமா இருந்தா பயமா இருக்குன்னு போன் பண்ணிச் சொல்லு, மறைக்காத என்றாள். கார் வளைவில் திரும்பும்வரை நின்றேன்.

விடுதி அறைக்குத் திரும்பினேன். என் அறைத்தோழி கிளந்தான் மாநிலத்துக்காரி. அவள் பேசிய மலாய் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஏதோ கேட்டாள், தலையாட்டினேன். இன்னொன்று கேட்டாள், அதற்கும் ஆட்டினேன். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எனக்காகக் காத்திருந்தாள். எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியாமலே அவள் பின்னால் நடந்தேன். குளிப்பதற்கு வாளி வாங்கப் போனோம். அவள் சிவப்பு எடுத்தாள், நான் பச்சை எடுத்தேன்.