தார்ச்சாலை வரை அண்ணாச்சி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. அரபு நாட்டில், புஜைராக் கடற்கரையில் ஆறு வண்டிகள். மீசை முதல் புருவம் வரை மணல் அப்பிய மனிதர்கள். நடுவில் நிற்கும் ஜீப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இளிப்பவன் நான். பக்கத்தில் இருப்பவர் எங்கள் கராஜ் போர்மேன். கோவில்பட்டிக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி.

எழுபதுகளின் தொடக்கம் அது. அஜ்மானிலிருந்து புஜைராவுக்கு முழுச் சாலை கிடையாது. வண்டி வைத்திருந்த அரபிகள் சிலர் கூடி முதன்முதலாக ஒரு பந்தயம் வைத்தார்கள். ஜீப்பை ஓட்டுவதாக இருந்த எங்கள் முதலாளி அர்பாபுக்குப் பந்தயத்துக்கு முதல் நாள் கை பிசகிவிட்டது. லைசென்ஸ் வைத்திருந்தவன் நான்தான். ஆனால் வெள்ளோட்டத்தில் ஜீப்பை இரண்டு முறை மணலில் புதைத்துக் காட்டியிருந்தேன். அர்பாப் சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டார். எந்த இன்ஜின் கோளாறையும் சத்தத்திலேயே சொல்லிவிடும் அண்ணாச்சி, லைசென்ஸ் டெஸ்டில் ஏழு முறை தோற்றவர். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அடுத்த விமானத்தில் ஊர்தான். பாலைவனத்தில் யார் கேட்கப்போகிறார்கள் என்று துணிந்தார்.

என்ன ஓட்டு அது! டயர்க் காற்றைப் பாதி இறக்கிவிட்டு மணல்மேடுகளில் ஏறினார், இறங்கினார். நான் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். காய்ந்த ஆற்றுப்படுகையில் கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தபோதும் "யல்லா, யல்லா" என்று ஜீப்பைத்தான் விரட்டினார். புஜைரா தெரிந்தபோது எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி இல்லை. சந்தோஷத்தில் நான் கத்தியேவிட்டேன்.

மணல் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் பிரேக் போட்டார். முடிவுக் கொடி அரை மைலில் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இந்தப் பக்கம் வாங்க. ரோட்டுல ஓட்டுததுக்கு எனக்கு லைசென்ஸ் கெடையாதுல்லா."

"அண்ணாச்சி, ஒரு போலீஸ்கூட இல்லையே. பின்னால வர்றாங்க."

"ரோடு இருக்குல்லா" என்று இறங்கிவிட்டார்.

இடம் மாறுவதற்குள் ஒரு வண்டி எங்களைத் தாண்டியது. தார்ச்சாலையில் இன்னொன்று. மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தோம். அர்பாப் காரணத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "கலாஸ், முடிஞ்சது போ" என்று சிரித்துவிட்டார்.

படம் எடுக்க வந்தவர், ஓட்டியவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார வேண்டும் என்றார். நான் எழுந்தேன். அண்ணாச்சி தோளை அமுக்கினார். "இருங்க தம்பி. லைசென்ஸ் உங்ககிட்டதான இருக்கு."

உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். மனைவியிடம், பிள்ளைகளிடம், சம்பந்தி வீட்டாரிடம் எல்லாம் நான் ஓட்டியதாகவே சொல்லிவந்தேன். போன வாரம் பேரன் புது லைசென்ஸோடு வந்து படத்தின் முன்னால் நின்றான். "அவ்வளவு மணல்ல எப்படி தாத்தா ஓட்டுனீங்க?"

வெட்கமாக இருந்தது. அண்ணாச்சி மேல் விரலை வைத்தேன்.

"ஓட்டினது இவர்டா. நான் ஓட்டினது அரை மைல். அதுலயும் ஒரு வண்டி முந்திப் போயிருச்சு."