காலி கேஜ்

எங்க வீட்டுக்காரர் முனியப்பன் தங்கச் சுரங்கத்துல கேஜ் வேலை பாத்தவரு. ஆளுங்களை இரும்புக் கூண்டுல வச்சு ஷாஃப்ட்டுக்குள்ள எறக்கறது, ஷிப்ட் முடிஞ்சா ஏத்தறது. சுரங்கத்துல ஆள் கொறைச்சப்ப வேலை போச்சு. பெங்களூரு ராக்கெட் ஆபீஸ்ல லிஃப்ட் வேலை கெடைச்சுது, தெனம் ரயில்ல போய் வருவாரு. பூமிக்குள்ள அவ்ளோ ஆழம் போய் வந்த மனுசனுக்கு நாலு மாடி. எப்டி இருக்குதுன்னு கேட்டா, "வெளிச்சமா இருக்குது"ம்பாரு.

சுரங்கத்துல ஒரு வழக்கம். காலைல மொதல்ல காலி கேஜை அடிவரைக்கும் விட்டு ஏத்துவாங்க. கயிறு தாங்குதுன்னு தெரிஞ்சாத்தான் ஆளு ஏறணும். இவரு லிஃப்டுக்கும் அதையே பண்ணாரு. விஞ்ஞானிங்க பையைப் புடிச்சிக்கினு கீழ நிப்பாங்க. காலி லிஃப்ட் மேல போய் எறங்கி வரும். அப்புறந்தான் ஏத்துவாரு. எறக்கி வுடறப்ப, "பாத்து எறங்குங்க"ம்பாரு. யாரும் கோச்சிக்கல. அவங்களும் ஒவ்வொண்ணையும் பத்து தரம் சோதிக்கற ஜனங்கதானே.

நாங்க குடியிருக்கற ஸ்கெலட்டன்ல, எங்க சுரங்க லைன் வீட்டு ஜனங்களுக்கு அது லிஃப்டா ராக்கெட்டான்னு கவலையே இல்ல. ராக்கெட் ஏறிச்சுன்னா எங்க வீட்ல வந்து இனிப்பு கேப்பாங்க. விழுந்தா, "இன்னா முனியப்பா, இன்னா பண்ணி வச்ச?"ன்னு இவரைத்தான் கேப்பாங்க.

ராக்கெட் ஆபீஸ்காரருங்கற இந்தப் பேருலதான் எங்க பொண்ணு நளினிக்கு கோலார்லேந்து ஒரு எடம் வந்துச்சு. பையன் ரூபேஷ், கோர்ட்ல குமாஸ்தா. அதுக்கு முன்ன வந்த எடமெல்லாம் தட்டிப்போயி நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருந்தேன். பையனோட அம்மா ராதாதான் நாள் குறிச்சாங்க. புது ராக்கெட் ஏறற அன்னிக்கே தட்டு மாத்திக்கணுமாம், ஒறவுக்காரங்க கிட்ட சொல்லிக்க நல்லா இருக்குமாம்.

ரெண்டாயிரத்தி ஒண்ணு, மார்ச் மாசம். ரெண்டு வீட்டுக்காரங்களும் எங்க வீட்டு டிவி முன்னால குந்தினு இருக்கறோம். ராக்கெட்டு அடில நெருப்பு வந்துச்சு. பொகை வந்துச்சு. அப்பால அணைஞ்சுபோச்சு. ராக்கெட்டு நின்ன எடத்துலயே நிக்குது.

ராதாம்மா தட்டைத் தூக்கி மடில வச்சிக்கினாங்க. "சகுனம் சரியில்ல. அது ஏறட்டும், பாத்துக்கலாம்."

"கோளாறு தெரிஞ்சு நின்னுதுங்க. நின்னது நல்லதுதான்"னாரு எங்க வீட்டுக்காரர்.

"இதென்ன உங்க கேஜா?" அந்தம்மா எழுந்துட்டாங்க. நளினி ரூபேஷையே பாத்தா. அவன் குனிஞ்சு செருப்பை மாட்டிக்கினு அம்மா பின்னாடியே போனான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிவியை ஒடைச்சிருப்பேன்.

ஏப்ரல்ல ராக்கெட் ஏறிச்சு. மறுநாளே தட்டோட வந்து நின்னாங்க, வாயெல்லாம் பல்லு. நானும் மானம் ரோசம் பாக்காம கேசரி கிண்டினேன். நளினி எல்லாருக்கும் காபி குடுத்துட்டு அவங்கப்பா பக்கத்துல நின்னா.

"நைனா, காலி கேஜை இன்னாத்துக்கு வுட்டுப் பாப்பீங்க?"

"கயிறு தாங்குதான்னு பாக்கத்தான்மா."

"போன மாசம் வுட்டுப் பாத்தாச்சு நைனா. தாங்கல."

ரூபேஷ் அவங்கம்மா மூஞ்சியப் பாத்தான். இவராவது அவளை அதட்டுவாரான்னு பாத்தேன். இவரு எழுந்தாரு, தட்டை எடுத்து அந்தம்மா கையிலயே குடுத்தாரு, கதவைத் தொறந்து புடிச்சிக்கினாரு.

"பாத்து எறங்குங்க"ன்னாரு.