பக்கம் 212-இல் ஒரு சாக்கு

“ஐயம்: பக்கம் 212, வரி 9. சொல்லும் பொருளும் தவறாக இருக்கலாம். ஒலிப்பதிவை மீண்டும் கேட்கவும்.”

ஒரு நூலாசிரியரிடம் கேட்பதற்காக என் சின்னம்மா தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிய வரைவு இது. முன்பக்கத்தில் ‘ஞாயிறு’ என்ற சிவப்பு எழுத்தும், ராகு காலம் 4.30 முதல் 6 வரை என்பதும் தெளிவாக இருக்கின்றன. தேதி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரசக் கறை. ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். வேப்பனப்பள்ளி மாம்பழக் கூடை அன்று கூடத்தில் இருந்ததால் மாதமும் கிடைத்தது. தேதி மட்டும் நான்கு ஞாயிறுகளுக்கு நடுவே நிற்கிறது. கறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஓசூரில் ஒரே வாடகை வீட்டில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். சின்னம்மா, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் பிழை பார்த்தார். கதைப் புத்தகங்கள் அல்ல. அணைக்காக ஊரை இழந்தவர்கள், அகதி முகாம்களில் பிறந்த குழந்தைகளின் குடியுரிமை, சிறைக்குள்ளிருந்து ஓட்டுப் போடும் உரிமை என்று உலகத்தின் வழக்குகளெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேரும். பெருவையும் போலந்தையும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, சாம்பார் சாதத்தோடு படித்தேன்.

அந்த மாதம் வந்த புத்தகம், பல நாடுகளில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. அதில் ஓர் அத்தியாயம் எங்கள் ஓசூர் வட்டாரத்தைப் பற்றியது. ஊரும் கம்பெனியும் பெயரில்லாமல் இருந்தன. ஷிஃப்ட் முடிந்த பெண்களை இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லி கேட்டைப் பூட்டுகிறார்கள். அடுத்த பஸ் ஏற்பாடு செய்கிறோம் என்கிறார்கள். அப்போது ஒரு பெண் “சாக்கு!” என்று கத்துகிறார். சாக்கு என்றால் பொய்க் காரணம் என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் பதினோரு பக்கம் வாதம் கட்டியிருந்தார் ஆசிரியர். அத்தியாயத்தின் தலைப்பே அதுதான்.

சின்னம்மாவுக்கு அந்தச் சொல் உறுத்தியது. காரணம் நான்.

அதற்கு எட்டு மாதம் முன்பு மாமாவுக்குக் கல்யாணமாகி, கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்திலிருந்து அத்தை வந்திருந்தார். முதல் நாள் பந்தியில் அம்மா சோற்றை அள்ளி அள்ளி வைக்க, அத்தை இலைமேல் கையை மறித்து, “சாக்கு, சாக்கு” என்றார். புது அத்தை கேட்டதைக் கொடுக்க வேண்டுமே என்று நான் ஓடிப்போய் மாடிப்படிக்கு அடியில் இருந்த கோணிப்பையை உதறி எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தேன். அன்றிலிருந்து மாமாவுக்கு நான் சாக்குப் பாப்பா.

கன்னடத்தில் ‘போதும்’ என்னும் அந்தச் சொல்லைத் தமிழில் சரியாக எழுத வழியில்லை. ‘சாகு’ என்றால் செத்துப்போ என்றாகிவிடும். ‘சாக்கு’ என்றால் கோணி, இல்லாவிட்டால் பொய்க் காரணம். பேட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக்கொடுத்த தமிழர் யாரோ இதில்தான் விழுந்திருக்க வேண்டும் என்பது சின்னம்மாவின் ஊகம்.

ஊகத்தை எழுதிக் கேட்பதில்தான் ஆபத்து. அவர் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் நிறையப் போகிறது. நிரந்தரமாக்குவார்களா என்பது அந்த மாதக் கடைசியில் முடிவாகும். ஏற்கெனவே ஓர் ஆப்பிரிக்க ஊரின் பெயர் தவறு என்று ஐயம் எழுப்பி, அந்த ஊருக்கு இரண்டு பெயர் உண்டு என்று பதில் வந்து, எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொன்று தவறானால் வேலை போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னார்.

“டீம் லீடர் என்ன சொல்றான் தெரியுமா? ‘மேடம், நமக்குப் புள்ளி, கமா போதும். கருத்து அவங்களோடது’ங்கறான்.”

“சரியாத்தான் சொல்றான்,” என்றார் மாமா. அவர் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். “வேலை செய்யாம கேட்ல நின்னு கத்துற பொம்பளைங்களுக்குப் புக்கு வேற. நீ உன் வேலையக் காப்பாத்திக்கம்மா.”

சின்னம்மா அவரை விட்டுவிட்டு, ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் திரும்பினார். “அண்ணி, நீங்க சொல்லுங்க. அந்த மாதிரி நேரத்துல ஒரு பொண்ணு கன்னடத்துல கத்தியிருப்பாளா?”

அத்தை மாமாவை ஒரு முறை பார்த்தார். “போதும்னுதான் கத்தினது. வேற என்னா கத்துவாங்க? காலு நிக்காது அப்ப. ஒரு தடவ அல்ல, மூரு, மூணு தடவ. மூணாவது தடவ எல்லாரும் சேந்து.”

“நீ என்ன கூட நின்னு எண்ணுனியா?” என்று மாமா சிரித்தார்.

நாங்களும் சிரித்தோம். கரண்டி தவறி, சின்னம்மா எழுதுவதற்காகக் கிழித்து வைத்திருந்த காலண்டர் தாளின்மேல் ரசம் கொட்டியது. சின்னம்மா தாளைத் துடைத்துத் திருப்பிப் போட்டு, முதலில் சொன்ன வரைவை எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: “மூன்று முறை கேட்கிறதா என்றும் பார்க்கவும்.”

“வேலை போனா?” என்றார் அம்மா.

“போனா போகுது. தப்புன்னு தெரிஞ்சும் புள்ளி வெச்சுட்டு உக்காந்திருக்க முடியாது.”

திங்கட்கிழமை அந்த ஐயம் அனுப்பப்பட்டது. பதில் வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் சின்னம்மா எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது. “மாறிடுச்சு! தலைப்பே மாறிடுச்சு!” கையில் மைசூர் பாக்குப் பெட்டியோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். ஆசிரியர் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டிருக்கிறார். கன்னடம் தெரிந்தவரை வைத்தும் கேட்டிருக்கிறார். அது ‘போதும்’தான். பதினோரு பக்கத்தையும் புதிதாக எழுதப்போகிறாராம். அந்தக் கடிதத்தை டீம் லீடரே எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று படித்தாராம். வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

“ஒரு கோணிப்பைய வெச்சு உலகத்தையே ஜெயிச்சுட்டீங்களேடி!” என்று மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். நான் மேலிருந்து “சாக்கு! சாக்கு!” என்று கத்தினேன். மூன்றாவது தடவை வீடே சேர்ந்து கத்தியது. அத்தையின் குரல்தான் எல்லோரையும்விட ஓங்கிக் கேட்டது. அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. அத்தியாயத்தின் பெயர் ‘போதும்’. அடிக்குறிப்பில், சொல்லைத் திருத்தித் தந்த ஓசூர்ப் பெண்ணுக்கும், கோணிப்பை கொண்டுவந்த ஒரு குழந்தைக்கும் நன்றி சொல்லியிருந்தது. சின்னம்மா ஆசிரியருக்குப் பிறகு எழுதிய கடிதத்தில் கோணிக் கதையும் போயிருந்தது. அந்தக் குழந்தை நான்தான் என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. “அந்த வார்த்த எது, காட்டு பாப்பா,” என்றார். காட்டினேன். அந்தக் கன்னடச் சொல் ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து மூன்று முறை அச்சாகியிருந்தது. மூன்றின்மீதும் ஒவ்வொன்றாக விரல் வைத்தார். கன்னட வார்த்தை என்பதால் ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று முறை என்பது சின்னம்மா அப்போது பிழை பார்த்த அச்சுப்படியில் எங்குமே இல்லை என்பதைக் கல்லூரிக் காலத்தில் சின்னம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்பு அத்தை ஒரு வருடம் கம்பெனி பஸ்ஸில் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறார். எந்தக் கம்பெனி என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. புத்தகத்திலோ பேட்டி கொடுத்தவரின் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது.

அத்தையிடம் இருமுறை கேட்டேன். சிரித்தார். போன மாதம் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர், ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றி முடித்துவிட்டு, “சாக்கு” என்றார். கேட்டது போதும் என்றாரா, நான் கேட்டதற்குப் பதிலாகவே அதைச் சொன்னாரா, தெரியவில்லை.

என் குறிப்பேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே கடைசி வரி இப்படி இருக்கிறது: கேட்டில் கத்தியவர் யார் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.