பதினேழு வளைவு இங்கிலீஷ்

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் உக்கிரபாண்டிக்கு, நாற்பத்து மூன்று வயதில் இங்கிலீஷ் மேல் காதல் வந்தது. காரணம் வயிறுதான். அவருடைய ஓட்டை ஜீப்புக்கு வருகிற தையோடு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிகிறது, அப்புறம் ரோட்டில் இறக்க முடியாது. மலைமேல் புதிதாகத் திறந்த விடுதியில் மாசச் சம்பளத்துக்கு டிரைவர் தேடினார்கள். வெள்ளைக்கார விருந்தாளிகளிடம் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும்.

புத்தகத்தைத் தொட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வரும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வராது. ஆகவே போடிமெட்டு ரோட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் ஆளுக்கொரு வாக்கியமாகப் பங்கு வைத்தார். மூன்றாவதில் மூடுபனி, ஐந்தாவதில் பள்ளத்தாக்கு, எட்டாவதில் காட்டுமாடு. தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகும் பேச்சி, வாக்கியங்கள் எழுதிய துண்டுச்சீட்டோடு முன்சீட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பாள். தப்பினால், "கோட்டை விட்டுட்டீகளே அண்ணே!" என்று வண்டி முழுக்கக் கேட்கக் கத்துவாள். ஆறு மாதம் இந்த அவமானத்தையும் பொறுத்துக்கொண்டார், பாவம்.

நேர்காணல் அன்று விடுதி மேனேஜர் அருள்பாண்டி அவரைப் போடி ஆபீஸில் உட்காரவைத்து, "நம்ம மலையைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார். உக்கிரபாண்டி வாயைத் திறந்தார், மூடினார். கை மட்டும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பியது.

"உக்காந்த எடத்துல வராது சார். எங்கூட ஜீப்புல வாங்க."

மேனேஜரும் மேலே போக வேண்டியவர்தான், வேலையாட்களோடு வெளியே நின்ற ஜீப்பில் ஏறிக்கொண்டார். பேச்சி பின்னால் மாறினாள். முதல் வளைவிலேயே இங்கிலீஷ் பொங்கிவிட்டது. ஒன்பதாவதில் மேனேஜர் சொக்கிப்போனார்.

"அந்த மூடுபனி பத்திச் சொன்னீங்களே, பிரமாதம். இன்னொரு தடவை சொல்லுங்க."

உக்கிரபாண்டி கண்ணாடியில் கீழ்ரோட்டைப் பார்த்தார். "அதுக்கு மூணாம் வளைவுக்கு எறங்கணும் சார்."

பின்னால் சிரிப்பு வெடித்தது. அதற்குள் பேச்சி மூடுபனியை இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தாள். மேனேஜர் திரும்பி, குளிருமா, காட்டுமாடு வருமா என்று இங்கிலீஷிலேயே கேட்டார். அவள் எந்த வளைவுக்கும் காத்திருக்கவில்லை. வாக்கியங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்து ஒட்டிப் பதில் சொன்னாள்.

"விருந்தாளிங்களைச் சுத்திக்காட்ட ஆள் கிடைச்சாச்சு!" என்றார் மேனேஜர்.

உக்கிரபாண்டிக்கு வயிறு எரிந்தது. ஆறு மாதம் பாடுபட்டவர் அவர், வேலை அவளுக்கா?

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே சார்" என்றாள் பேச்சி. "அண்ணனையும் சேத்துக்கங்க. ஓட்டுறதுல அவுகள அடிச்சுக்க ஆளில்ல."

மேனேஜர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: விருந்தாளிகள் இருக்கும்போது டிரைவர் வாயைத் திறக்கக் கூடாது.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் உக்கிரபாண்டி வேகமாகத் தலையாட்டினார். எதிரே பத்தாம் வளைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.