பந்தின் மேல் உட்கார்ந்தேன்

ஆம்பூர் தோல் ஷாப்பில், தோல் பதனிடச் சுழலும் டிரம்மில் சிக்கி இரண்டு கால்களும் போன பிறகு, கணியம்பாடிப் பக்கம் ஓர் ஊனமுற்றோர் இல்லத்தில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். போட்டார்கள் என்றுதான் சொல்வேன். பதினெட்டு ஆண்கள், பதினெட்டுக் கட்டில்கள், வேளாவேளைக்குக் கஞ்சி. அதற்குமேல் நாங்கள் எதற்கு ஆசைப்படப் போகிறோம் என்பது நிர்வாகத்தின் நினைப்பு.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் அங்கே வேலைக்கு வந்த ஓர் அம்மா. எங்களை விளையாட வைப்பதுதான் அவர் வேலை. அதற்கு அப்போது ஒரு பெயர்கூடக் கிடையாது. உத்தரவில் 'உதவியாள்' என்று எழுதியிருந்தார்கள். பழைய குடியாத்தம் லுங்கிகளைத் தைத்து வலையாகக் கட்டுவார். தோல் துண்டுகளுக்குள் பஞ்சு அடைத்ததுதான் பந்து. எல்லோரும் தரையில் உட்கார்ந்தே ஆட வேண்டும். கால் நன்றாக இருந்த அந்தம்மாவும் அப்படித்தான். சரியாக நாலு மணிக்குத் தட்டைக் கரண்டியால் தட்டிக் கூப்பிடுவார். கை விளங்காத ஒருவர் பந்தைத் தலையால் முட்டுவார். தோற்றால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போடுவோம். அந்தச் சண்டையில்தான் எனக்கு உயிர் திரும்பியது.

சூப்பரின்டெண்டுக்கு இது பிடிக்கவில்லை. "இப்டி சிரிச்சிக்கினு இருந்தா எவன் தர்மம் குடுப்பான்?" என்று எங்கள் காதுபடவே கேட்டார். நன்கொடை கொடுக்கும் கமிட்டி வந்த அன்று அந்தம்மாவைத் துணி துவைக்கும் கொட்டகைக்கு அனுப்பினார். இனி அங்கேதான் வேலை என்றும் சொல்லிவிட்டார். எங்களைப் போர்த்திக்கொண்டு படுக்கச் சொன்னார்.

நாலு மணி ஆயிற்று. தட்டுச் சத்தம் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தட்டை எடுத்து நானே தட்டினேன். ஒவ்வொருவராகக் கட்டிலைவிட்டு இறங்கி, கமிட்டிக்காரர்களின் கால்களுக்கு நடுவே தவழ்ந்தும் நகர்ந்தும் போய், வராந்தாவில் ஆட்டத்தை ஆரம்பித்தோம்.

அதுதான் நாங்கள் பண்ணிய முட்டாள்தனம். சூப்பரின்டெண்ட் சிரித்தபடி கமிட்டித் தலைவரிடம், "பாருங்க சார், அவங்களே ஆடிக்கிறாங்க. இதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு?" என்றார். தலைவர் தலையாட்டினார்.

எங்கள் வீம்பே அந்தம்மாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டது. நான் பந்தைப் பிடுங்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னாய்யா இது? பந்தக் குடு" என்றார் சூப்பரின்டெண்ட்.

"அந்தம்மா வந்தாதான் ஆட்டம்."

"அப்போ ராத்திரிக்குச் சோறு கெடையாது."

"வேணாம்."

சொன்னது நான் இல்லை. யாராவது ஊட்டினால் மட்டுமே சாப்பிட முடிந்த, கை விளங்காதவர். அவருக்குப் பின்னால் பதினாறு பேரும் வேணாம், வேணாம் என்றார்கள். தலைவர் சூப்பரின்டெண்ட் பக்கம் திரும்பி, "அந்தம்மாவ வரச் சொல்லுங்க" என்றார்.

முழங்கை வரை சோப்பு நுரையோடு அந்தம்மா வந்தார். நடந்ததைச் சொன்னோம். கண் கலங்குவார், நல்லதாக நாலு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"பந்து மேல உக்காந்தா ஃபவுலு. பாயிண்ட் எதிர் டீமுக்கு" என்றார் என்னிடம். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். அவரை அங்கிருந்து எழுப்பும் தைரியம் சூப்பரின்டெண்டுக்கு அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை.