கம்பிவேலிக்குள் ஒரு சுமைதாங்கி

இந்த நினைவு மலரில் எழுதுவதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விழாக் குழுக் கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் நான். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஓவர்சியர் கலியமூர்த்தியைப் பற்றி எழுத ஊரில் வேறு யாரும் முன்வரவில்லை என்று குழுவினர் நீங்களே சொல்லி அனுப்பியதால் எழுதுகிறேன்.

செய்தி எங்கள் ஒன்றிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு மதகைப் பார்வையிடப் போன இடத்தில் அவருக்கு மாரடைப்பு. மேலாளர் ரிசீவரை வைத்துவிட்டு, "நம்ம சண்டைக்காரர் போயிட்டாருப்பா" என்றார். "கடைசியா யாரோட சண்டையாம்?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அழவுமில்லை. அவரை எனக்கும் பிடிக்காது. எங்கள் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லோர் முன்னாலும், "பி.ஏ. படிச்ச பொண்ணுன்னாங்க, வாயில என்ன அரிசியா வெச்சிருக்கே? கேட்டா பதில் சொல்லு" என்று அதட்டியவர் அவர்.

சுதந்திர வெள்ளிவிழாவுக்கு ஊர் எல்லையில் ஒரு நினைவுச்சின்னம் வைக்க நீங்கள் முடிவு செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். உப்பெடுக்கக் கடற்கரைக்கு நடந்தவர்கள் எங்கள் சாலை வழியாகத்தான் போனார்கள். அவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டிருந்தும் இந்த ஊரிலிருந்து சோறு போனது. யார் சோறு என்பதில்தான் சண்டை. பெரியபண்ணை தன் தகப்பனார் பெயரைத் தூணில் பொறிக்கச் சொன்னார். ஊராட்சித் தலைவர் தன் பெரியப்பா பெயரைச் சொன்னார். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர், சோற்றுக்கூடையைத் தலையில் தூக்கிப் போனவர்களின் பெயர்களைக் கேட்டார். கைகலப்பு ஒன்றுதான் நடக்கவில்லை.

கலியமூர்த்தி ஒரு நாள் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். தூணும் இல்லை, பெயரும் இல்லை. நட்டுவைத்த இரண்டு கல், அவற்றின் மேல் ஒரு படுக்கைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள், கைகொடுக்க யாரையும் கூப்பிடாமல், தாமே சுமையை இறக்கிவைக்கிற சுமைதாங்கி. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தக் கல்லை வைப்பது வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக.

"என்னய்யா ஓவர்சியர், வாயும் வயிறுமா செத்தவளுக்கு வெக்கிற கல்லைக் கொண்டாந்து நீட்டுறே? நாடு என்ன பிரசவத்துலயா செத்துப்போச்சு?" என்றார் பெரியபண்ணை.

"சுமக்கிறது யாருன்னு கேக்காத கல்லு நம்ம ஊர்ல இது ஒண்ணுதாங்க."

தோழர் எழுந்தார். "சுமையை இறக்கிவைக்க எதுக்குக் கல்லு? சுமையே இருக்கக் கூடாதுங்கறோம் நாங்க."

"சரி தோழர். அது வர்ற வரைக்கும் கழுத்து வலிக்குமே, அதுக்கு என்ன பண்றது?"

ஒரே பகலில் இரண்டு பக்கமும் அவருக்குப் பகையானது. ஆனாலும் வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பெயரே இல்லாத கல்லில் எதிராளியின் பெயரும் இருக்காது என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்.

கல்லின் உயரத்தை முடிவு செய்ய, களத்துக்கு நெற்கட்டு சுமந்து போன பெண்களைச் சாலையில் நிறுத்தி, தரையிலிருந்து கழுத்துவரை அளந்தார். நாடாவின் மறுமுனை என் கையில். "என்ன சார், ரவிக்கை தெச்சுத் தரப் போறீங்களா? துணி யாரு எடுப்பா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் கட்டு சரியச் சரியச் சிரித்தார்கள். "நிமிந்து நில்லு. அளவு தப்பினா ஒடியப்போறது உன் கழுத்துதான்" என்றார் அவர். அந்தப் பெண்களில் என் அம்மாவும் இருந்தாள். எல்லோரையும்விடக் குட்டை. "உங்கம்மா அளவுதான் கணக்கு. நெட்டைங்க குனிஞ்சுக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை கல்லின் மேல் கண்ணாடி வளையலும் மஞ்சளும் இருந்தன. வைத்தவள் அங்கேயே நின்றிருந்தாள். "பாவம், எந்த வீட்டுப் பொண்ணு சார்?" என்று கலியமூர்த்தியிடம் கேட்டாள்.

"யாரும் சாகலம்மா. உப்பெடுக்க நடந்து போனவங்களுக்காக வெச்சது."

"போனவங்க திரும்பி வந்தாங்களா?"

"வந்தாங்க."

"அப்புறம் கல்லு எதுக்கு?"

கலியமூர்த்தி வளையலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்.

அந்த வளையலைக் காட்டித்தான் கல் அமங்கலமாகிவிட்டது என்றீர்கள். பிறகு கூலித் தகராறு வந்தது, அறுப்பு நின்றது, சாலையில் போலீஸ் வேன் நின்றது. கல்லருகே ஆட்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று மார்பு உயரக் கம்பிவேலி போட்டுப் பூட்டினீர்கள். வேலிக்கான மதிப்பீட்டில் கையெழுத்துப் போட அவர் மறுத்தார். "குடிக்கிற கிணத்துக்கு மூடி போட்டு ஆணி அடிக்கச் சொல்றீங்க. நான் அடிக்க மாட்டேன்" என்றார். அந்த மாதமே மாற்றல் உத்தரவு வந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு ஒருவரும் வரவில்லை. தகராறு தீர்ந்து அறுப்பு தொடங்கியபோது என் அம்மா நெற்கட்டோடு வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறக்கிவிட ஆள் இல்லாமல் அப்படியே நடந்தாள்.

இப்போது அதே கல்லில் அவர் பெயரைப் பொறிக்கத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அவரை மாற்றச் சொல்லி மனு எழுதியவர்களின் கையெழுத்து அந்தத் தீர்மானத்திலும் இருக்கிறது. உயிரோடு இருந்தவரைத் தாங்க முடியாத உங்களுக்கு அவருடைய பெயர் மட்டும் சுலபமாக இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. எனக்கு அது பழக்கமில்லாதது. இன்னும் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. அதனால்தான் கேட்க வந்ததை இவ்வளவு நேரம் கேட்காமல் இருந்தேன்.

கேட்கிறேன். கல்தச்சர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். தை அறுப்பு தொடங்குவதற்குள் அந்த வேலியைப் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால், நீங்கள் நடத்தப்போகும் அவருடைய படத்திறப்புக்கு அவர் வீட்டாரை அழைக்காதீர்கள்.