வாசற்படியில் ஸ்டூரே

எங்கள் கட்டடத்தில், கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறையில் பதிவு செய்த நேரத்தை யாரும் விடமாட்டார்கள். காய்ச்சலில் கிடந்தாலும் துணிக்கூடையோடு இறங்கி வருவார்கள். அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு குனிலா வரவில்லை. இயந்திரங்கள் சும்மா கிடந்தன. மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

அவள் புருஷன் ஸ்டூரே செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஸ்டூரே எங்கள் ஊரான சுண்ட்ஸ்வாலின் நகராட்சியில், தெருவில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டினார். தொப்பை, வழுக்கை, வாய் நிறைய மீசை. நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. காசு கொடுத்து ஒரு வீடியோ கேம்கூட வாங்கமாட்டார். கம்பெனிக்காரர்கள் ஏதாவது ஒரு கேமை வெள்ளி முதல் ஞாயிறு மாலைவரை முழுசாக இலவசமாகத் திறந்துவிடுவார்கள், அப்புறம் பூட்டிவிடுவார்கள். நாமும் ஆசைப்பட்டு வாங்குவோமாம். ஸ்டூரே அந்த இலவச நாட்களில் மட்டும் ஆடுவார். வெள்ளிக்கிழமை ஃபிளாஸ்க் நிறைய காபி, ஒரு தட்டு ஏலக்காய் பன், சோபா. ஞாயிறு மாலை பூட்டு விழுந்ததும் எழுந்து பாத்திரம் கழுவப் போவார். எந்தக் கேமையும் அவர் முடித்ததில்லை.

"வாங்கித் தொலைய வேண்டியதுதானேயா, என்ன கஞ்சத்தனம்?" என்று குனிலா கத்துவாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

"வாங்கிட்டா எப்ப வேணா ஆடலாம். எப்ப வேணா ஆடலாம்னா எவன் ஆடுவான்?" என்பார்.

கடைசியாக ஆடியது ஒரு தீவு கேம். ஒரு ஆள் கடலோரம் தனியாக வீடு கட்டி, மீன் பிடித்துப் பிழைக்க வேண்டும். சண்டை கிடையாது, சுடுவது கிடையாது. ஆளின் உருவத்தை நாமே அமைக்கலாம். எல்லோரும் அழகனாக வைப்பார்கள். ஸ்டூரே தன்னையே வைத்தார், தொப்பையோடு. தன்னுடைய மஞ்சள் தொப்பியையும் மாட்டிவிட்டார். ஞாயிறு மாலை அந்த ஆளைக் கடலைப் பார்த்து வாசற்படியில் உட்கார வைத்தார். பூட்டு விழுந்தது. திங்கள் காலை வண்டியிலேயே மாரடைப்பு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம்.

குனிலா டிவியை அணைக்கவில்லை. நமக்கு முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆள்; அதன்மேல் 'இலவச நேரம் முடிந்தது, தொடர வாங்கவும்' என்ற வரி. அலைச் சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் அப்பமும் செய்யும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அடிக்கும். பழகிக்கொண்டேன்.

கதவைத் திறந்த குனிலாவின் தலை பரட்டையாக இருந்தது.

"செத்துகித்துப் போயிட்டியான்னு பாக்க வந்தேன்டி. சலவையை விட்டுட்ட."

"மோனா, அவரைத் திறந்து விட்டுட்டாங்க" என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த வார இறுதிக்கு மறுபடியும் இலவசம். டிவியில் இருந்த வரி காணோம். ஒரு கடற்பறவை வந்து கூரை விளிம்பில் உட்கார்ந்தது. ஆள் அதே படியில்தான், முதுகும் அதேதான். ஆனால் தோள் ஏறி இறங்கியது.

"மூச்சு விடுறாருடி. எப்படி நான் போயி போர்வை துவைக்கிறது?"

"பொம்மைடி அது. எல்லா பொம்மையும் அப்படித்தான் பண்ணும்."

"தெரியும். நீ உக்காரு."

உட்கார்ந்தேன். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். திருப்ப வேண்டுமென்றால் கையில் இருக்கும் கருவியின் குமிழைத் தள்ள வேண்டும். தள்ளினால் ஆள் எழுந்துவிடும். கேம் அதையே நினைவில் வைத்துக்கொள்ளும், பழைய இடம் திரும்பக் கிடைக்காது.

"அவர் கை கடைசியா வச்ச இடம்டி அது. நான் கலைக்கவா?"

"அப்ப கலைக்காதே."

"இன்னும் எத்தனை நாளைக்கு முதுகையே பாக்கறது?"

"அப்ப கலை. ஏதாவது ஒண்ணு பண்ணு, காபி ஆறுது."

எதையும் பண்ணவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிறன்று உருளைக்கிழங்கும் மீனும் எடுத்துப் போனேன், தொடவில்லை. வெளியே சீக்கிரமே இருட்டியது. டிவியிலும் இருட்டியது. தீவில் மழை பிடித்தது. மஞ்சள் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட, ஆள் உட்கார்ந்தே இருந்தது. திரையின் ஓரத்தில், சற்று நேரத்தில் பூட்டிவிடுவோம் என்று எழுத்து வந்தது.

"நனையுறாரு" என்றாள் குனிலா.

"நனையட்டுமே."

"மழையில உக்காந்த நிலையில பூட்டிடுவானுங்கடி. அப்புறம் என்னைக்கும் மழைதான் அவருக்கு."

குமிழைத் தள்ளினாள். பழக்கமில்லாத கை. ஆள் எழுந்து நேராகக் கடலுக்குள் நடந்தது. முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர்.

"இழுடி, பின்னாடி இழு!" நானும் கத்தினேன். பொம்மை என்று சொன்ன அதே வாய்தான்.

அவள் இழுத்தாள். ஆள் நம் பக்கம் திரும்பியது. தொப்பி நிழலில் முகம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. மீசைகூட இல்லை. இருட்டு, அவ்வளவுதான். ஒரு கணம் நம்மைப் பார்த்து நின்றுவிட்டு, காட்சியும் கூடவே வீட்டுப் பக்கம் திரும்ப, படியேறி, கதவைத் திறந்து உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலில் விளக்கு எரிந்தது. பூட்டு விழுந்தது.

"முகத்தைப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்" என்றேன்.

"சிரிச்சாருல்ல?"

"ம்."

வெறும் படி, மழை, மஞ்சள் ஜன்னல். அதன்மேல் வாங்கச் சொல்லும் வரி. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வாங்கிடேன்டி. உள்ள என்ன பண்றாருன்னாவது பாக்கலாம்."

"வேணாம். வெளியில குளிரு, உள்ள போயிட்டாரு. அது போதும்." மீன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். ஆறிப்போன மீன், முள்ளைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை.

அடுத்த முறை சலவைக்குச் சரியான நேரத்தில் வந்தாள். என்னிடம் சோப்புத்தூள் கடன் கேட்டாள், திருப்பித் தரவில்லை. சரியாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

டிவியை மட்டும் இன்னும் அணைக்கவில்லை. வியாழக்கிழமை அப்பம் சுடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது அலை இல்லை. மழையும், அதற்கு அடியில் விறகு வெடிக்கிற சத்தமும். ஒரு நாள் அடுப்பைக் குறைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

குனிலா அப்போது கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.